பிட்காயின் விழும்போது முதலில் விற்பது யார்? '155 நாள்' கணக்கு சொல்லும் உண்மை!

2025 அக்டோபர் 6. ஒரு பிட்காயினின் விலை 1,26,000 டாலரைத் தொட்டது. வரலாறு காணாத உச்சம். ரீல்ஸைத் திறந்தால், 'இன்னுமா வாங்கலை?' என்ற கேள்விதான் வந்து விழுந்தது.

நவம்பர் 21. அதே பிட்காயின் 81,000 டாலருக்கும் கீழே. முழுசாக ஏழு வாரம்கூட ஆகவில்லை; மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது.

இடையில் நடந்ததற்குக் காரணங்கள் வரிசைகட்டி நின்றன. அக்டோபர் 10-ம் தேதி, சீனப் பொருள்கள்மீது கூடுதலாக 100 சதவிகித வரி போடப்போவதாக அறிவித்தார் ட்ரம்ப். அதையொட்டிய 24 மணி நேரத்தில், கடன் வாங்கி கிரிப்டோ வர்த்தகம் செய்தவர்களின் சுமார் 1,900 கோடி டாலர் மதிப்பிலான வர்த்தகங்கள் வலுக்கட்டாயமாக மூடப்பட்டன. நவம்பரில் அமெரிக்க பிட்காயின் ஈ.டி.எஃப்-களிலிருந்து பணம் வெளியேறியது.

செய்திகள் காரணத்தைச் சொல்லும். ஆனால், ஆளைச் சொல்லாது. விலை சரியும்போது விற்றது யார்? பத்து வருஷமாக வைத்திருந்தவரா, போன மாசம் வாங்கியவரா? பங்குச் சந்தையில் இந்தக் கேள்விக்குச் சாதாரண முதலீட்டாளரால் விடை கண்டுபிடிக்கவே முடியாது. பிட்காயினில் ஓரளவுக்கு முடியும். அதற்கு உதவுவதுதான் 'ஆன்-செயின் டேட்டா'. கிரிப்டோ யூடியூபர்கள் வீடியோவுக்கு வீடியோ காட்டும் அந்தக் கலர் கலரான சார்ட்டுகள் எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன.

அந்த சார்ட்டை எப்படிப் படிப்பது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லவே சொல்லாது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால், சமீபத்தில் வாங்கிய ஆளாக நீங்கள் இருந்தால், அந்த சார்ட் பேசுவது உங்களைப் பற்றித்தான்.

பெயர் இல்லாத மொய் நோட்டு

கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து மொய் எழுதுவார்களே, அந்த நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார், எந்த ஊர், எவ்வளவு என எல்லாம் அதில் இருக்கும். பிட்காயினின் பிளாக்செயினும் அப்படி ஒரு நோட்டுதான். 2009 ஜனவரி 3-ம் தேதி முதல் பக்கம் எழுதப்பட்டது. அன்றிலிருந்து நடந்த ஒவ்வொரு பரிமாற்றமும் அதில் இருக்கிறது. யாராலும் கிழிக்க முடியாது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

ஒரே வித்தியாசம், இந்த நோட்டில் பெயர் இருக்காது. பெயருக்குப் பதிலாக, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான முகவரி. கொடுத்தவர் யார் என்று தெரியாது. ஆனால் எந்த முகவரியிலிருந்து, எந்த முகவரிக்கு, எத்தனை காயின், எந்த நேரத்தில் போனது என்பது துல்லியமாகத் தெரியும்.

இங்கேதான் ஆய்வாளர்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு காயின் கடைசியாக எப்போது கைமாறியது என்று தெரிகிறது. அந்த நாளில் பிட்காயின் என்ன விலை என்பதும் தெரியும். அப்படியென்றால், இப்போது அதை வைத்திருப்பவர் ஏறத்தாழ அந்த விலைக்குத்தான் வாங்கியிருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? 2018-ல் காயின் மெட்ரிக்ஸ் நிறுவனம், எல்லாக் காயின்களையும் இன்றைய விலையில் மதிப்பிடாமல், கடைசியாக நகர்ந்த நாளின் விலையில் மதிப்பிடும் முறையை அறிமுகப்படுத்தியது. இன்று நாம் பார்க்கும் பல சார்ட்டுகளுக்கு அதுதான் அஸ்திவாரம்.

'வைத்துக்கொள்ளலாம்' என்ற வார்த்தையை மட்டும் மறந்துவிடாதீர்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

பாட்டியின் சங்கிலியும் போன வாரத்துக் கம்மலும்

தங்கம் விலை திடீரென்று பவுனுக்கு 2,000 ரூபாய் இறங்கினால் வீட்டில் யார் பதறுவார்கள்? பாட்டி பதற மாட்டார். அவர் கழுத்தில் இருக்கும் சங்கிலி எந்தக் காலத்து விலைக்கோ வாங்கியது. 'இறங்குனா ஏறும், போடா' என்பார். போன வாரம் கம்மல் வாங்கிய அக்காதான், 'ஒரு வாரம் பொறுத்திருக்கலாமோ' என்று புலம்புவார். பொருள் ஒன்றுதான். வாங்கிய விலைதான் மனசைத் தீர்மானிக்கிறது.

பிட்காயினிலும் இதே கதைதான். கிளாஸ்நோட் என்ற ஆய்வு நிறுவனம் பழைய தரவுகளை அலசி, இந்த மனசுக்கு ஓர் எல்லை வகுத்தது. ஒரு காயின் எவ்வளவு நாள் அசையாமல் கிடக்கிறதோ, அது அடுத்து அசைவதற்கான வாய்ப்பு அவ்வளவு குறைந்துகொண்டே போகிறது. சுமார் 155 நாள்களைத் தாண்டிவிட்டால், அந்தக் காயின் சட்டென்று விற்கப்படும் வாய்ப்பு நன்றாகவே குறைந்துவிடுகிறது. எனவே, 155 நாள்களுக்குள் கைமாறிய காயின்களை வைத்திருப்பவர்கள் குறுகியகால ஹோல்டர்கள். அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் நீண்டகால ஹோல்டர்கள். 154-வது நாள் பயந்தவர் 156-வது நாள் துறவி ஆகிவிடுவார் என்று அர்த்தமில்லை. மெதுவாக மாறும் ஒரு மனநிலைக்கு, வசதிக்காகப் போட்ட கோடு அது.

இதிலிருந்து வரும் முக்கியமான படிப்பினை: விலை உச்சத்தை நெருங்கும் காலங்களில் நீண்டகால ஹோல்டர்களின் கையிருப்பு குறையும், குறுகியகால ஹோல்டர்களின் கையிருப்பு கூடும். அதாவது பழைய ஆள் லாபத்தில் விற்கிறார். புதிய ஆள் உச்ச விலையில் வாங்குகிறார். 2017-லும் 2021-லும் இதைப் பார்த்தோம். ஊரே கிரிப்டோ பற்றிப் பேசும் நேரத்தில் உள்ளே நுழைபவர், பெரும்பாலும் பல வருஷம் காத்திருந்த ஒருவரிடமிருந்துதான் வாங்குகிறார்.

மூன்று மீட்டர்கள்

குறுகியகால ஹோல்டர்களின் மனநிலையை அளக்கப் பல அளவுகோல்கள் இருக்கின்றன. மூன்றைப் புரிந்துகொண்டால் போதும், பெரும்பாலான சார்ட்டுகள் பிடிபட்டுவிடும்.

முதலாவது, அசல் விலை. கடந்த 155 நாள்களில் கைமாறிய காயின்களின் சராசரி விலைதான் இது. கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு காயின் 60,000 டாலரில் கைமாறியது, இன்னொன்று 70,000-ல், மேலும் இரண்டு 75,000-ல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,80,000 டாலர், நான்கு காயின்கள். சராசரி 70,000. இப்போது சந்தை விலை 70,000-க்கு மேல் இருந்தால் புதியவர்கள் ஒட்டுமொத்தமாக லாபத்தில் இருக்கிறார்கள். கீழே போனால் நஷ்டத்தில்.

இரண்டாவது, எஸ்.ஓ.பி.ஆர். 2019-ல் ரெனாட்டோ ஷிராகாஷி என்பவர் அறிமுகப்படுத்திய அளவுகோல். விற்ற விலையை வாங்கிய விலையால் வகுத்தால் கிடைப்பது இது. 70,000-க்கு வாங்கி 63,000-க்கு விற்றால் 0.9. 77,000-க்கு விற்றால் 1.1. ஒன்றுக்கு மேலே என்றால் லாப விற்பனை, ஒன்றுக்குக் கீழே என்றால் நஷ்ட விற்பனை. முதல் மீட்டர் எல்லோருடைய கையிருப்பையும் பார்க்கிறது. இது உண்மையில் நகர்ந்த காயின்களை மட்டும் பார்க்கிறது. நஷ்டத்தில் இருப்பது வேறு, நஷ்டத்தில் விற்பது வேறு இல்லையா?

இந்த 'ஒன்று' என்ற எண்ணைச் சுற்றித்தான் மனித மனசின் மொத்த நாடகமும் நடக்கிறது. சந்தை ஏறுமுகத்தில் இருக்கும்போது, விலை சற்று இறங்கி அசலைத் தொட்டால் பலர் விற்பதை நிறுத்திவிடுவார்கள். 'எதுக்கு நஷ்டத்துக்கு விக்கணும், ஏறிடும்' என்ற நம்பிக்கை. சந்தை இறங்குமுகத்தில் இருக்கும்போது இது அப்படியே தலைகீழ். பல வாரம் நஷ்டத்தில் தவித்தவர்கள், விலை கொஞ்சம் ஏறி அசலைத் தொட்டதும், 'அசல் வந்தா போதும் சாமி' என்று விற்றுவிட்டு ஓடுவார்கள். அதனாலேயே விலை அங்கே முட்டிக்கொண்டு மறுபடி இறங்கும். ஒரே எண், ஒரு காலத்தில் தரை. இன்னொரு காலத்தில் கூரை.

மூன்றாவது, எக்ஸ்சேஞ்ச் வரத்து. சொந்த வாலட்டில் இருக்கும் காயினை ஒருவர் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புகிறார் என்றால், விற்கும் எண்ணம் இருக்கலாம். அப்படி வரும் காயின்கள் இளம் காயின்களா, அசலுக்குக் கீழே வருகின்றனவா என்று பார்ப்பார்கள். நஷ்டத்தில் இருக்கும் இளம் காயின்கள் கூட்டமாக எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வந்தால், அதுதான் பீதி.

மூன்று தேதிகள், ஒரே சிக்னல்

இனி முக்கியமான பரீட்சை. 'குறுகியகால ஹோல்டர்கள் எல்லோரும் நஷ்டத்தில் இருக்கிறார்கள், இதுதான் அடிமட்டம், அள்ளிக்கோ' என்று சொல்லும் வீடியோக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது எவ்வளவு தூரம் உண்மை? இதைச் சோதிக்கக் காசு கட்டி வாங்கும் டேட்டா வேண்டாம். விலை சார்ட்டும் காலண்டரும் போதும். விலை ஒரு புதிய தாழ்வைத் தொடும் நாளிலிருந்து 155 நாள்கள் பின்னால் போங்கள். அந்தக் காலத்தில் எந்த நாளிலும் விலை அந்தத் தாழ்வுக்குக் கீழே போகவில்லை என்றால், அதற்குள் வாங்கிய அத்தனை பேரும் அந்த நிமிஷத்தில் நஷ்டத்தில்தான் இருக்கிறார்கள்.

முதல் தேதி, 2022 ஜனவரி 24. அன்று பிட்காயின் 33,000 டாலரை ஒட்டி இறங்கியது. 155 நாள்கள் பின்னால் போனால் 2021 ஆகஸ்ட் 22. அன்றிலிருந்து ஜனவரி மூன்றாவது வாரம் வரை விலை 39,000-க்குக் கீழே போகவே இல்லை. நடுவில் நவம்பரில் 69,000 என்ற உச்சத்தையும் பார்த்தது. ஆக, புதியவர்கள் அத்தனை பேரும் நஷ்டத்தில். அடுத்து என்ன ஆனது? மார்ச் கடைசியில் 48,000 வரை ஏறி ஆசை காட்டியது. மே மாதம் டெர்ரா என்ற கிரிப்டோ திட்டம் நொறுங்கியது. ஜூனில் பிட்காயின் 18,000-க்கும் கீழே. நவம்பரில் எஃப்.டி.எக்ஸ் எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது 16,000-க்கும் கீழே. ஜனவரியில் 'அடிமட்டம்' என்று நம்பி வாங்கி அப்படியே வைத்திருந்தவரின் பணம் பாதிக்கும் கீழாகிவிட்டது.

இரண்டாவது தேதி, 2024 ஆகஸ்ட் 5. அதற்குச் சில நாள்கள் முன்பு ஜப்பான் மத்திய வங்கி வட்டியை உயர்த்தியிருந்தது. குறைந்த வட்டிக்கு யென் கடன் வாங்கி உலகம் முழுக்க முதலீடு செய்தவர்கள் அவசரமாக விற்றார்கள். ஜப்பானின் நிக்கேய் குறியீடு ஒரே நாளில் 12 சதவிகிதத்துக்கு மேல் விழுந்தது. பிட்காயின் 50,000 டாலருக்குக் கீழே இறங்கியது. 155 நாள்கள் பின்னால் போனால் மார்ச் 3. இடைப்பட்ட காலத்தில், இந்தச் சரிவுக்கு முன்புவரை, 53,000-க்குக் கீழே விலை போனதே இல்லை. மறுபடியும் புதியவர்கள் மொத்தமாக நஷ்டத்தில். ஆனால் இந்த முறை ஒரே வாரத்துக்குள் விலை 60,000-ஐத் தாண்டியது. டிசம்பர் 5-ம் தேதி முதன்முறையாக ஒரு லட்சம் டாலர். பயந்து 50,000-க்கு விற்றவர், நான்கு மாதத்தில் இரட்டிப்பைப் பறிகொடுத்தார்.

மூன்றாவது தேதி, ஆரம்பத்தில் பார்த்த 2025 நவம்பர் 21. பின்னால் போனால் ஜூன் 19. அந்த இடைவெளியில், நவம்பர் நடுப்பகுதி வரை, விலை 98,000-க்குக் கீழே இறங்கவில்லை. அதன்பின் 81,000-க்கும் கீழே வந்தபோது கதை அதேதான். இங்கே 2022 மாதிரியும் இல்லை, 2024 மாதிரியும் இல்லை. டிசம்பரில் கொஞ்சம் மூச்சு வாங்கி எழுந்தது. ஆனால் 2025 முடியும்போது 90,000-க்குக் கீழேதான் நின்றது. அந்தக் கோடையில் வாங்கியவருக்கு வருஷக் கடைசி வரை அசல் வரவில்லை.

மூன்று முறையும் சிக்னல் ஒன்று. முடிவு மூன்று விதம். ஆன்-செயின் டேட்டா காட்டுவது காய்ச்சலின் அளவை. 103 டிகிரி என்று தெர்மாமீட்டர் சரியாகவே சொல்கிறது. அது வைரஸ் காய்ச்சலா, நாளைக்கே இறங்கிவிடுமா, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா என்று தெர்மாமீட்டர் சொல்லாது. அதைச் சொல்ல வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்டில் பிரச்னை வெளியிலிருந்து வந்த ஒரு நாள் அதிர்ச்சி. 2022-ல் கிரிப்டோ துறைக்கு உள்ளேயே கடனும் மோசடியும் அழுகிக்கொண்டிருந்தன. மீட்டரில் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தன.

நோட்டில் விழாத கணக்குகள்

இப்போது அந்த 'வைத்துக்கொள்ளலாம்' என்ற வார்த்தைக்கு வருவோம். காயின் நகர்ந்தால் விற்றதாக அர்த்தம் என்பது ஓர் ஊகம்தான்.

2024 மே 28-ம் தேதி, பத்து வருஷத்துக்கு முன்பு திவாலான மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சின் வாலட்களிலிருந்து 1,40,000-க்கும் மேற்பட்ட பிட்காயின்கள் நகர்ந்தன. ஐந்து வருஷத்துக்கும் மேலாக அசையாதவை. 'போச்சு, எல்லாத்தையும் விக்கப்போறாங்க' என்று விலை இறங்கியது. உண்மையில் அன்று ஒரு காயின்கூடச் சந்தையில் விற்கப்படவில்லை. பணம் இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காகச் சொந்த வாலட்களுக்குள் நடந்த இடமாற்றம் அது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நோட்டை மட்டும் படித்தால், பழுத்த காயின்கள் எல்லாம் ஒரே நாளில் பச்சைக் குழந்தைகளாகிவிடும். அவற்றின் அசல் விலையும் அன்றைய விலையாக மாறிவிடும். 2025 நவம்பரில் காயின்பேஸ் எக்ஸ்சேஞ்ச் தன் காயின்களை ஒரு வாலட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோதும் இதே சிக்கல் வந்தது. ஆய்வு நிறுவனங்கள் எந்த முகவரி யாருடையது என்று கண்டுபிடித்து, இப்படிப்பட்ட உள் இடமாற்றங்களைக் கழித்துவிடப் பார்க்கின்றன. முழுசாகக் கழிக்க முடிவதில்லை.

சராசரி என்பதும் ஆளைக் கணக்கெடுப்பதில்லை, காயினைத்தான் கணக்கெடுக்கிறது. 2025 ஜூலையில் கேலக்ஸி டிஜிட்டல் நிறுவனம், ஆரம்பகால முதலீட்டாளர் ஒருவருக்காக 80,000-க்கும் மேற்பட்ட பிட்காயின்களை விற்றுக்கொடுத்தது. மதிப்பு 900 கோடி டாலருக்கு மேல். இவை 2011-ல், ஒரு காயின் சில டாலர்களுக்கு விற்ற காலத்திலிருந்து தூங்கிய காயின்கள். இப்படி ஒருவர் அசைந்தால், ஆயிரக்கணக்கான சின்ன முதலீட்டாளர்களின் அசைவு சார்ட்டில் காணாமல் போய்விடும்.

மூன்றாவது ஓட்டை, நமக்கு நெருக்கமானது. எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் நீங்கள் 5,000 ரூபாய்க்கு பிட்காயின் வாங்குகிறீர்கள். அது பிளாக்செயினில் பதிவாகுமா? பொதுவாக ஆகாது! வாங்குபவரும் விற்பவரும் அதே எக்ஸ்சேஞ்சில் இருப்பதால், கம்பெனி தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு நேராக எண்ணை மாற்றி எழுதிக்கொள்ளும். காயின் கம்பெனியின் பொது வாலட்டிலேயே கிடக்கும். 2024 ஜனவரியில் அமெரிக்காவில் வந்த ஈ.டி.எஃப்-களும் இப்படித்தான். லட்சக்கணக்கானவர்கள் ஒரு நாளில் வாங்கி மறுநாளே விற்றாலும், நோட்டில் தெரிவது பாதுகாவல் நிறுவனத்தின் வாலட்டுக்குள் மொத்தமாகப் போகும், வெளியே வரும் காயின்கள் மட்டுமே. ஆக, 'குறுகியகால ஹோல்டர்' சார்ட்டில், மிகவும் குறுகியகாலம் வைத்திருக்கும் கூட்டத்தில் ஒரு பெரும் பகுதி தென்படுவதே இல்லை.

இதில் வெறும் டேட்டா பிரச்னை மட்டும் இல்லை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கும் அதிகமான கிரிப்டோ திருடப்பட்டது. திருடுபோகாத காயின்களை வைத்திருந்தவர்களின் கணக்குகளும் சேர்ந்தே முடங்கின. அப்படிப் பாதிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் ஒரு சொத்துதான். அது ஒருவர் உரிமையுடன் வைத்திருக்கக்கூடியது, மற்றொருவரிடம் நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கக்கூடியது என்று உத்தரவிட்டார். உங்கள் காயின் உங்கள் சொத்து என்று நீதிமன்றம் சொல்கிறது. ஆனால் அந்த மொய் நோட்டில் அது உங்கள் பெயரிலும் இல்லை, உங்கள் முகவரியிலும் இல்லை.

அங்கே வரிச் சலுகை, இங்கே இரட்டை அடி

வெளிநாட்டு சார்ட்டைப் பார்த்து இங்கே உட்கார்ந்து விற்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் குறுகியகால ஹோல்டர்கள் நஷ்டத்துக்கு விற்பதாக மீட்டர் காட்டினால், அது எல்லாமே பயம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் கிரிப்டோ நஷ்டத்தை மற்ற முதலீட்டு லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். வருஷக் கடைசியில் வேண்டுமென்றே நஷ்டத்துக்கு விற்று, வரியைக் குறைத்துக்கொள்பவர்கள் அங்கே உண்டு. பங்குகளை இப்படி விற்றுவிட்டு 30 நாள்களுக்குள் திரும்ப வாங்கினால் சலுகை கிடைக்காது. அந்தக் கட்டுப்பாடு 2025 வரை கிரிப்டோவுக்கு இல்லை. விற்ற கையோடு திரும்ப வாங்கிவிடலாம்.

இந்தியாவில்? 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவிகித வரி. ஒரு கிரிப்டோவில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது. பிட்காயினில் 20,000 ரூபாய் லாபம், ஈத்தரில் 20,000 ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாக்கெட்டைப் பொறுத்தவரை பூஜ்யம். வரித்துறையைப் பொறுத்தவரை 20,000 ரூபாய் லாபம். 30 சதவிகிதம் 6,000; அதன்மேல் 4 சதவிகித செஸ் சேர்த்தால் 6,240 ரூபாய் கட்ட வேண்டும். சம்பாதிக்காத பணத்துக்கு வரி!

இதுபோக, 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவிகிதம் டி.டி.எஸ். வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல் என்ற வரம்பைத் தாண்டினால், லாபமோ நஷ்டமோ, ஒவ்வொரு விற்பனையிலும் பிடிப்பார்கள். ஒரு லட்ச ரூபாயைப் பத்து முறை சுழற்றினால், ஏறத்தாழ 10,000 ரூபாய் அதில் மாட்டிக்கொள்ளும். வருமான வரித் தாக்கலில் சரிசெய்துகொள்ளலாம்தான். ஆனால் அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இல்லை. சார்ட் ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் விற்று வாங்கும் இந்தியர், சந்தை ஜெயித்தாலும் தோற்கலாம்.

அப்போ இதை வெச்சு என்னதான் பண்றது?

கிளாஸ்நோட், கிரிப்டோகுவான்ட் போன்ற தளங்களில் சில சார்ட்டுகளை இலவசமாகவே பார்க்கலாம். அடுத்த முறை பார்க்கும்போது, 'நாளைக்கு ஏறுமா?' என்று கேட்காதீர்கள். அதற்கு அங்கே பதில் இல்லை. வேறு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

சந்தை விலை, புதியவர்களின் அசல் விலையைவிட எவ்வளவு மேலே இருக்கிறது? ரொம்ப மேலே என்றால், புதியவர்கள் எல்லோருடைய சட்டைப்பையிலும் லாபம் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் வாங்கினால், அவர்கள் விற்பதை வாங்கும் ஆள் நீங்கள்.

கீழே இருந்தால், அவர்கள் நஷ்டத்தில் இருக்கிறார்களா, நஷ்டத்துக்கு விற்கிறார்களா? அசல் விலையை ஒரு கண்ணிலும், எஸ்.ஓ.பி.ஆரை இன்னொரு கண்ணிலும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து மோசமானால்தான் பீதி. ஒரு நாள் எண்ணை நம்பாமல், ஒரு வாரச் சராசரியாவது பாருங்கள்.

கடைசிக் கேள்விக்கு எந்தத் தளத்திலும் சார்ட் கிடையாது. என் அசல் என்ன, எத்தனை நாளாக வைத்திருக்கிறேன், எந்தப் பணத்தில் வாங்கினேன்? அடுத்த மாத வாடகைப் பணத்திலோ, கிரெடிட் கார்டிலோ, பெர்சனல் லோனிலோ வாங்கியிருந்தால், நீங்கள் 155 நாள் காத்திருக்கவே முடியாது. விலை எங்கே இருக்கிறதோ அங்கே விற்க வேண்டிவரும். நஷ்ட விற்பனையில் விழும் பலருக்குச் சந்தையைப் பற்றிய கணிப்பு தப்பியிருக்காது; கையில் காத்திருக்கத் தெம்பு இருந்திருக்காது.

பழைய ஹோல்டர்களை ஞானிகள் மாதிரி பேசுவது கிரிப்டோ உலகத்தின் வழக்கம். அவர்களில் பலருக்குத் தனி ஞானம் எதுவும் இல்லை. அசல் கம்மி, அவசரம் இல்லை, அவ்வளவுதான். அந்த இரண்டில், குறைந்த விலைக்கு வாங்கும் வாய்ப்பு நம் கையில் இல்லை. அது முடிந்துபோன கதை. அவசரப்படாத பணத்தில் மட்டும் இறங்குவது நம் கையில் இருக்கிறது. ஆப்பில் 'பை' பட்டனை அழுத்துவதற்கு முன் காலண்டரைத் திறந்து, இன்றிலிருந்து 155 நாள்களை எண்ணிப் பாருங்கள். அந்தத் தேதி வரை இந்தப் பணம் இல்லாமல் உங்கள் வீடு ஓடுமா? 'ஓடாது' என்பதுதான் பதில் என்றால், அடுத்த சரிவில் அந்த சார்ட்டில் விழப்போகும் சிவப்புப் புள்ளிகளில் ஒன்று உங்களுடையது.